ஆவி போகும் வழி

புருஷன் உயிரோடு இருக்கும்போதே வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு நடமாடிய பெண், ஜேடர்பாளையத்தோடு சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துப் பார்த்தாலும், சென்னியம்மாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். புருஷன் வேலுமணி அதே வீட்டில்தான் இருந்தான். காலையில் அவள் கரைத்துக் கொடுத்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு வாய்க்கால் கரைத் தோட்டத்துக்குப் போனான். பொழுது சாய்ந்ததும் வந்து வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தான். அவள் உள்ளே மாமியாரின் பக்கத்தில் படுத்தாள். ஐப்பசியில் ஆரம்பித்த இந்தக் கூத்து மாசி பிறந்தும் முடியவில்லை.

சண்டைக் காலத்தில் பாலம் கட்டும் பட்டாளத்தில் சேர்ந்த வேலுமணியைக் கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஓர் ஆற்றில் பாலம் போடும்போது வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போயிற்று. ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்றிருந்த காலம். சேவகன் வாசலை மிதித்ததுமே வேலுமணியின் தாய் பொன்னாயி மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். 'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக் கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். அவன் உடுக்கையைத் தட்டிக் கண்ணை மூடி, "தண்ணிக்குள்ளதான் தெரியறான், தரையில காணோம்" என்றான். வேலுமணி தண்ணீரில் போனது மெய்தான். கரையேறியதை உடுக்கை சொல்லவில்லை.

கருமாதி நடந்தது. சென்னியம்மாளின் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். "என்ற மகனே போனதுக்கப்பறம் இவளுக்கு என்னத்துக்குச் சாயச் சீல?" என்று கேட்டு, வெள்ளைச் சீலையை எடுத்து மருமகளின் தோளில் போட்டது பொன்னாயிதான். துக்கம் கண்ணை மறைத்திருந்தது, பாவம். ஆனால் துக்கத்தில் செய்தாலும் செய்தது செய்ததுதானே?

வேலுமணி உயிரோடு இருக்கிறான் என்று சர்க்காரிடமிருந்து செய்தி வந்தபோது, அவள் வெள்ளைக்கு மாறி ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அன்றைக்கே மாற்றியிருக்கலாம். 'ஆள் முதலில் வரட்டும்' என்றார்கள். ஆள் வந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்றவனைக் கண்ட பொன்னாயி, முதலில் அவனுக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதாள். அதன் பிறகாவது மாற்றியிருக்கலாம். 'அருமைக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும்' என்றார்கள். அருமைக்காரர் என்பவர் அவர்கள் கூட்டத்தில் கல்யாணச் சீர்களை முன்நின்று நடத்திவைப்பவர். அவர் வாயால் வராமல் அங்கே மஞ்சள் கயிறுகூட அசையாது.

அருமைக்காரர் மருதாசலம் கெட்டவர் இல்லை. பயந்தவர். "தாலி கட்டறதுக்குச் சீர் இருக்குது. கழட்டறதுக்கும் ஒரு மொற இருக்குது. கழட்டுனதத் திருப்பிக் கட்டறதுக்கு நம்ம கூட்டத்துல வழி சொல்லி வெக்கலீங்களே" என்று தலையைச் சொறிந்தார். வழி சொல்லி வைக்காததற்குக் காரணம், செத்தவன் எவனும் அதுவரை திரும்பி வந்து தொந்தரவு கொடுத்ததில்லை என்பதுதான்.

இதற்கு நடுவில் சென்னியம்மாள் பட்டது கொஞ்சமல்ல. விடியற்காலையில் அவள் குடத்தோடு வந்தால், சகுனம் பார்த்து ஒதுங்கிய பெண்கள் இப்போது ஒதுங்குவதா நிற்பதா என்று தெரியாமல் திணறினார்கள். ஒதுங்கினாலும் வலித்தது, திணறினாலும் வலித்தது. புருஷன் வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தை முகத்தில் காட்டக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். வாயைத் திறந்தால் மாமியாரில் ஆரம்பித்து அருமைக்காரர் வரைக்கும் போய்விடும் என்று பயந்து, பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

வேலுமணி சேலம் அஸ்தம்பட்டி வழியாக ஊருக்கு வந்தபோது, சீமைக்கே திரும்பிப் போகும் ஒரு துரையின் பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிக்கு ஏதாவது வாங்க வேண்டுமே. அவள் வெள்ளை கட்டியிருப்பது கடுதாசி மூலம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. சாயச் சீலை வாங்கினால் பெரியவர்களை முந்திக்கொண்டதாகும். வெள்ளைச் சீலை வாங்க அவன் கை வராது. ஆகவே ஒரு பாத்திரத்தை வாங்கினான். கனத்த அலுமினியச் சட்டி, அதன்மேல் திருகாணிகளால் இறுக்கிப் பூட்டும் மூடி, மூடியின் நடுவே விரல் பருமனில் ஒரு குழாய், குழாயின் தலையில் ஒரு சின்னக் குண்டு. ஆவியை உள்ளே அடைத்து வேகவைக்கும் பாத்திரம், பருப்பு நொடியில் கரையும் என்று அந்தப் பங்களாவின் சமையல்காரன் சொல்லிக்கொடுத்தான். சென்னியம்மாள் அதை வாங்கிப் பரணில் வைத்தாள். அதைத் திறந்து சமைக்கும்படியான நாள் எதுவும் வரவில்லை.

மூட்டையில் இன்னொன்றும் வந்திருந்தது. கைக்குட்டையில் முடிந்த சீமைத் தக்காளி விதை. வாய்க்கால் ஓரத்தில் அதை நட்டான். செடி பூத்தது, காய்த்தது, பழுத்தது. பெரியவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவர்கள் கேட்ட கேள்வி வேறு பக்கம் போயிற்று. ஒரு பங்காளி இழுத்தார்: "அதெல்லாஞ் செரி. அங்க இத்தன நாளா யாரூட்டுச் சோறு தின்ன? என்னத்தத் தின்ன?"

"குடியானவங்க ஊட்டுச் சோறுதானுங்க" என்றான் வேலுமணி. "ஆத்துல இருந்து இழுத்துப் போட்டவங்க. எதிரிப் பட்டாளம் ஊரெல்லாந் தேடறப்ப மாட்டுக் கொட்டாய்ல ஒளிச்சு வெச்சிருந்தாங்க. சந்தகையும் தக்காளிக் கொழம்புந்தான் போட்டாங்க."

"வெள்ளக்காரன் ஊட்டுல சந்தகையா?" என்று சிரித்தார்கள். சந்தகை என்றால், வேகவைத்த அரிசி மாவைக் கட்டையில் இட்டு இழை இழையாகப் பிழியும் அந்தப் பக்கத்துச் சேவை.

"கோதும மாவுல பண்றாங்க. பேரு வேறயிங்க. பார்வைக்கு நம்ம சந்தகைதானுங்க."

மருதாசலம் சிரிக்கவில்லை. நம்புவதற்கு அவருக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. "அப்பிடின்னாப் பண்ணிக் காட்டு. வாயில வெச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்.

அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் அதைச் சாப்பிட்டால் வேலுமணி தின்ற சோறு குற்றமில்லாத சோறு, அவன் கூட்டத்துக்குள் இருக்கிறான், பிறகு தாலிப் பேச்சை எடுக்கலாம். இலையைத் தொடாமல் எழுந்துவிட்டால் எல்லாம் அன்றோடு முடிந்தது. அவன் சேலத்தில் ஏதாவது மில்லைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அவள் சாகும் வரைக்கும் அந்த வெள்ளையோடு இந்த அடுப்படியில் கிடக்க வேண்டியதுதான்.

அந்த நாள் வந்தது. காலையிலேயே மருதாசலமும் இரண்டு பங்காளிகளும் வந்து முன்னறையில் பாயில் உட்கார்ந்தார்கள். வேலுமணி அடுப்படிக்குள் நுழைந்தான். ஆண்பிள்ளை அடுப்பு முன்னால் குந்துவதைப் பார்க்கச் சகிக்காமல் பொன்னாயி எருமைக்குத் தண்ணீர் காட்டப் புழக்கடைக்குப் போய்விட்டாள்.

சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நல்லெண்ணெயில் வதக்கினான். இரண்டு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டான். தக்காளிப் பழங்களை இரண்டாகப் பிளந்து, சட்டியில் கால்வாசி இடம் விட்டுக் கொட்டி உப்புப் போட்டான். "ஒரு தழ போடுவாங்க. நெம்ப வாசமா இருக்கும். இங்க கெடைக்காது" என்றான்.

"எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள் சென்னியம்மாள். அவன் சொல்லச் சொல்ல எழுந்து போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தாள். திருநீற்றுப் பச்சை. அவன் அதை முகர்ந்தான், கசக்கி மறுபடியும் முகர்ந்தான். அவனுக்குச் சோறு போட்ட தூர தேசத்துக் குடியானவர்களின் அடுப்படியே அதற்குள் இருந்தது போலிருக்கிறது.

"அவங்க காலையில அடுப்புல வெச்சா எறக்கறதுக்குப் பொழுது சாஞ்சிரும். பெரியவங்க அத்தன நேரங் குந்தியிருப்பாங்களா? அதுனாலதான் இந்தச் சட்டி" என்றான். திருகாணிகளை இறுக்கினான். அடுப்பு எரிந்தது. சட்டி முதலில் முனகியது. பிறகு குழாயின் தலையிலிருந்த குண்டு ஆடத் தொடங்கியது. அதன் அடியிலிருந்து உஸ்ஸென்று ஆவி பீறிட்டது.

சென்னியம்மாள் பின்வாங்கினாள். "ஏனுங்க, ஆவி போகுதுங்களே?"

"போகோணும். போயிட்டே இருக்கோணும். சத்தங் கேக்கற வரைக்கும் பயமில்ல. சத்தம் நின்னுச்சுன்னா வெறக இழுத்துப் போட்டுட்டு ஓடிரு."

அவளுக்கு இது தலைகீழாக இருந்தது. இட்லியானாலும் சந்தகையானாலும் ஆவி வெளியே போகக்கூடாது என்பதுதான் அவள் கற்றது. ஆவி போனால் மாவு வேகாது, சந்தகை பிழிய வராது, கட்டை உடைந்தாலும் இழை இறங்காது. அதற்காகத்தான் மூடியைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். ஆனாலும் அவன் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

"வேலுமணி, இங்க வந்து குந்து" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவள் பக்கத்து அடுப்பில் வெந்த முதல் ஈட்டை இறக்கினாள். சூடு ஆறுவதற்குள் மரக்கட்டையில் இட்டு அழுத்திப் பிழிந்தாள். வெள்ளை இழைகள் சுளகில் சுருண்டு விழுந்தன. இரண்டாவது ஈட்டுக்கு மாவு தயாராக இருந்தது. ஈர இட்லித் துணியைப் பிழிந்து அடுப்புத் திண்டின்மேல் போட்டபோது முன்னறையில் தன் பேர் அடிபடுவது கேட்டது. கைவேலை நின்றுவிட்டது. கதவோரம் போய் நின்றாள்.

"இவன் சாப்பாட்டு விசயம் தின்னு பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் ஒரு பங்காளி. "அந்தப் புள்ள விசயந்தான். வெள்ள கட்டுனது கட்டுனதுதானுங்க. நாளைக்கு ஒரு கேடு வந்தா யாரு பதில் சொல்றது?"

"அவ என்னங்க தப்புப் பண்ணுனா?" என்றான் வேலுமணி.

"தப்புன்னு யாரு சொன்னா? வழியில்லீங்கறோம்."

"ரெண்டு பேரும் இருங்க" என்றார் மருதாசலம். "நாஞ் சொல்லிர்றேன்." சொல்வதற்கு முன்னால் அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்ப வெளியே எழுந்து போனார். திரும்பி வந்து பாயில் உட்காரும் சத்தம் கேட்டது. சென்னியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இத்தனை மாதங்களாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது இப்போது வரப்போகிறது.

அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது. முன்னறை மட்டும் அமைதியாக இல்லை. முதுகுக்குப் பின்னாலும் அமைதி. உஸ்ஸென்ற சத்தம் எங்கே?

திரும்பினாள். புழக்கடை வழியாக உள்ளே வந்திருந்த பொன்னாயி அடுப்புக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டியின் குழாயைச் சுற்றி ஈர இட்லித் துணி இறுக்கமாகக் கட்டியிருந்தது. குண்டைக் காணவில்லை, துணிக்குள் புதைந்திருந்தது. அதன்மேல் அம்மிக் குழவி படுத்திருந்தது.

"இத்தன ஆவி வீணாப் போகுது, நீ அங்க வேடிக்க பாத்துட்டு நிக்கற" என்றாள் பொன்னாயி. "இதுல எப்பிடி வேகும்? இன்னைக்கு ஒரு நாளாவது அவனுக்கு நல்லபடியா ஆகோணுமுல்ல?" சொல்லிக்கொண்டே இன்னொரு விறகை அடுப்பில் தள்ளினாள்.

சட்டி நடுங்கியது. மூடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு குமிழ் வந்து வெடித்தது.

முன்னறையில் மருதாசலம் தொண்டையைக் கனைத்தார். "கேளு வேலுமணி..."

அவர் மேற்கொண்டு சொல்ல வந்தது சென்னியம்மாளின் காதில் விழவில்லை. பாய்ந்து மாமியாரின் தோளைப் பிடித்து இழுத்தாள். பொன்னாயி, "ஏ புள்ள, என்ன பண்ற, உடு!" என்று கத்திக்கொண்டே திண்டைப் பிடித்துக்கொண்டாள். வீம்புக்காரி. அவளைத் தூக்காத குறையாகப் புரட்டி மாவுப் பானைக்குப் பின்னால் தள்ளினாள் சென்னியம்மாள். காலால் விறகுகளை எற்றினாள். நெருப்புத் தரையெல்லாம் சிதறியது. சட்டி இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடிவிடச் சொல்லியிருந்தான். இவள் ஓடினால் கிழவி எழுந்து மறுபடியும் அடுப்பண்டை போவாள், அதில் சந்தேகமில்லை. மூலையிலிருந்த உலக்கையை எடுத்தாள். கைக்கு எட்டிய தூரத்தில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழவியைத் தட்டிவிட்டாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் துணி பிய்த்துக்கொண்டு பறந்தது. குண்டு கூரையில் போய் மோதியது. குழாயிலிருந்து ஆவியும் குழம்புமாகச் சீறி எழும்பி ஓட்டில் அடித்து மழையாக இறங்கியது. சென்னியம்மாளின் தலையிலும் தோளிலும் மார்பிலும் சிவப்புக் கொட்டியது. இடது கையில் சுளீரென்று சுட்டது.

பொன்னாயி மாவுப் பானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்டது ஒன்றுதான்: வெள்ளைச் சீலை முழுக்கச் சிவப்பு. "ஐயோ, ரத்தம்! என்ற அம்மிணிய நானே கொன்னுட்டேனே!" என்று அவள் போட்ட கூச்சலில் முன்னறையிலிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து கதவில் முட்டிக்கொண்டார்கள். வேலுமணி முதலில் வந்தான். அவளுடைய தோளைத் தொட்டான், முகத்தைத் தொட்டான், பெரியவர்கள் நிற்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல். விரலில் பட்டதை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

"தக்காளிங்க" என்றாள் சென்னியம்மாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. அத்தையைப் பாருங்க."

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, சிவந்த சீலையையே பார்த்துப் பார்த்து அழுதாள். தந்தி வந்த நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. மகன் திரும்பி வந்த பிறகு அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவள், இப்போது திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர்கள் மறுபடியும் முன்னறைக்குப் போனார்கள். மருதாசலத்தின் பேச்சு பாதியில் நின்றது நின்றதுதான். வேலுமணி திருகாணிகளைக் கழற்றினான். சட்டியின் அடியில் பாதிக்கு மேல் குழம்பு மிஞ்சியிருந்தது. தோல் கரைந்து, எண்ணெய் பிரிந்து, பளபளவென்று இருந்தது. பிழிந்த சந்தகைதான் போதாது. இரண்டாவது ஈடு வேக வேண்டும், மாவும் இருக்கிறது. இட்லித் துணி மட்டும் கந்தலாகச் சாம்பலில் கிடந்தது.

சென்னியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். புழக்கடைக் கொடியில் அவளுடைய மாற்றுச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. துவைத்த வெள்ளை. உடம்பில் இருக்கும் ஈரச் சிவப்பைக் களைந்தால் அவள் கட்டிக்கொள்ள வேண்டியது அதுதான். போய் அதை உருவிக்கொண்டு வந்தாள். முந்தானை முனையைப் பல்லில் கடித்துக் கிழிக்கப் பார்த்தாள். கரை கெட்டியாக இருந்தது. சுட்ட கையால் இழுக்க முடியவில்லை.

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இங்க குடு, சாமி" என்றாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மற்ற முனை சென்னியம்மாளிடம் இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். துணி கிழிபடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஒரு முறை கிழித்துப் பொன்னாயி நிறுத்தவில்லை. மடித்து மறுபடியும் கிழித்தாள். ஒரு சந்தகைக்கு அத்தனை துணி தேவையே இல்லை.

"உள்ள என்ன சத்தமுங்க?" என்று முன்னறையிலிருந்து மருதாசலம் கேட்டார்.

"இட்லித் துணி கிழிக்கறமுங்க!" என்று பொன்னாயி கத்தினாள். கத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த மருமகளின் கல்யாணத்து அரக்குக் கூறைச் சீலையை எடுத்து, முன்பு வெள்ளையைப் போட்ட அதே தோளில் போட்டாள்.

குளித்து, சுட்ட கையில் வெண்ணெய் தடவி, கூறைச் சீலை கட்டி வந்த சென்னியம்மாள் சந்தகைத் தட்டோடு முன்னறைக்குள் போனபோது, பங்காளிகள் இரண்டு பேரும் அருமைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். இலையில் சந்தகையை வைத்து அதன்மேல் சிவந்த குழம்பை ஊற்றினாள். மருதாசலம் அவளைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மென்றார்.

"மாத்திக் கட்டறதுக்கு வெள்ளச் சீல ஒண்ணு இருந்துதுங்களே?" என்றார், அவளிடம் இல்லை, கதவோரம் நின்ற பொன்னாயியிடம்.

"அதுதானுங்க இப்ப இட்லித் துணி."

அவர் இன்னொரு பிடி எடுத்தார். பிறகு இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு, அம்மிணி" என்றார். "அப்பிடியே உன்ற அத்தைகிட்டக் கேளு, ஊட்டுல மஞ்சளும் நூலும் இருக்குதான்னு."